வைக்கோல் துண்டுகளால் போர் நடத்தியவர்

பள்ளி ஆண்டு விழாவில் மீசை ஒட்டிக்கொண்டு, அட்டை வாளைப் பிடித்துக்கொண்டு கட்டபொம்மன் வசனம் பேசாத பையன் உங்கள் வகுப்பில் யாராவது இருக்கிறானா, குழந்தைகளே? 1959-ல் வந்த சினிமாப் படம் ஒன்று போதும், அண்ணன் கட்டபொம்மனை நமக்கெல்லாம் மனப்பாடம் ஆக்கிவிட்டது. இன்று சொல்லப் போவது தம்பியின் கதை. அவருக்கு மேடையில் பேச வசனமே கிடையாது. ஏனென்றால் அவருக்குப் பேச வராது.

அவருடைய இயற்பெயர் குமாரசாமி. ஊர் வைத்த பெயர் ஊமைத்துரை. இன்றைக்கு வாய்பேச இயலாதவர்களை அப்படிக் கூப்பிடக் கூடாது. ஆனால் அந்தக் கரிசல் சீமையில் அந்தப் பெயரை யாரும் கேலியாகச் சொல்லவில்லை. சாமி பெயரைச் சொல்வது போலச் சொன்னார்கள்.

கோவில்பட்டி என்றதும் உங்களுக்குக் கடலைமிட்டாய்தான் ஞாபகம் வரும். அந்த ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்பு மண். மழை பெய்தால் களியாகிக் காலைப் பிடித்து இழுக்கும். வெயில் அடித்தால் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து எல்லாம் மானத்தை நம்பித்தான். ஆறு கிடையாது, பெரிய மலை கிடையாது, ஒளிந்துகொள்ளப் பெரிய காடும் கிடையாது. கோவில்பட்டியில் பஸ் ஏறித் திருநெல்வேலிப் பக்கம் போனால் அரை மணி நேரத்தில் கயத்தாறு வரும். கிழக்கே போனால் எட்டயபுரம். அதற்கும் தெற்கே, ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. கதை நடந்த இடமெல்லாம் இந்த வட்டாரத்துக்குள்தான்.

அந்தக் காலத்தில் தென்பகுதி முழுக்கப் பாளையங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு கோட்டை, ஒரு பாளையக்காரர், அவருக்கென்று ஒரு படை. உழுகிறவனும் ஆடு மேய்க்கிறவனும்தான் அந்தப் படையின் வீரர்கள். தண்டோரா கேட்டால் கலப்பையைப் போட்டுவிட்டு ஈட்டியை எடுக்க வேண்டும். அதனால் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி தொடங்கிவிடும்.

முதலில் கையில் ஆயுதம் எதுவும் கொடுக்க மாட்டார் ஆசான். வெறும் காலடிதான். முன்னே ஒரு அடி, பக்கவாட்டில் ஒரு அடி, திரும்பி ஒரு அடி. கால் பழகிய பிறகே கையில் கம்பு வரும். சிலம்பக் கம்பு சுற்றிச் சுற்றி மணிக்கட்டு இளகிய பிறகுதான் வாள், ஈட்டி எல்லாம். கம்பில் கற்ற அதே வீச்சும் அதே தடுப்பும்தான் வாளுக்கும் உதவும். கம்பு சரியாகப் பிடிக்கத் தெரியாதவன் கையில் வாளைக் கொடுத்தால் எதிரிக்கு முன்னால் தன் காதையே அறுத்துக்கொள்வான்!

இன்னொரு ஆயுதமும் இருந்தது. அதன் பெயர் வளரி. பிறை நிலா மாதிரி வளைந்த மரத்துண்டு, சிலசமயம் இரும்பிலும் செய்வார்கள். ஒரு முனை கனமாக இருக்கும். மெல்லிய முனையைப் பிடித்துச் சுழற்றி வீசினால் ஓடுகிற மானின் காலை முறிக்கும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய இளம் அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது. கைதேர்ந்தவர் வீசினால் நூறு கஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், எதையும் குறி தவறாமல் அடிக்கும் என்று வெல்ஷ் பிற்பாடு தன் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்தார். இந்த வெல்ஷின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊமைத்துரைக்கு எதிராகச் சண்டை போட்டவர் இவர். ஊமைத்துரையைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லியிருப்பவரும் இவரேதான்.

சிலம்பக் களத்தில் ஒரு விசேஷம் பார்த்திருக்கிறீர்களா? ஆசான் அதிகம் பேச மாட்டார். தான் செய்து காட்டுவார், பையன் பார்த்துச் செய்வான். எதிரியின் தோள் எந்தப் பக்கம் அசைகிறது, கண் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். அங்கே வாய்க்கு வேலையே இல்லை. பேச முடியாத ஒரு பையன் மற்றவர்களுக்குச் சமமாக, ஏன், ஒரு படி மேலேயே நிற்கக்கூடிய இடம் அது.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய்விட்டு வருவோம். கட்டபொம்மன் பாளையக்காரராகப் பொறுப்பேற்றது 1790-ம் ஆண்டு. அதே 1790-ல் கொரியா நாட்டில் ஒரு புத்தகம் வெளிவந்தது. ஜோங்ஜோ என்ற அரசரின் ஆணைப்படி எழுதப்பட்ட அந்த நூலின் பெயர் முயே தோபோ தோங்ஜி. வாள், ஈட்டி, கம்பு, குதிரைமேல் இருந்து போரிடுவது என்று 24 வகைப் போர்க்கலைகளை, ஒவ்வொரு அசைவுக்கும் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். இன்றைக்கும் கொரிய வாள்வித்தை பழகுகிறவர்கள் அந்தப் படங்களைப் புரட்டித்தான் தங்கள் பழைய அசைவுகளை மீட்டெடுக்கிறார்கள். நம் பாளையங்களில் அப்படி யாரும் படம் போட்டு வைக்கவில்லை. ஆசானின் உடம்புதான் புத்தகம். அது போனால் வித்தையும் போயிற்று. சரி, பாஞ்சாலங்குறிச்சிக்குத் திரும்புவோம்.

கிழக்கிந்தியக் கம்பெனி வரி கேட்டதும், கட்டபொம்மன் மறுத்ததும் உங்களுக்குப் பாடத்திலேயே வரும். 1798-ல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைப் பார்க்கப் போன இடத்தில் கட்டபொம்மனைப் பிடிக்க முயன்றார்கள். கைகலப்பில் கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி உயிரிழந்தார். அன்று அண்ணன் தப்பி வர ஊமைத்துரையும் துணையாக நின்றார். மறு ஆண்டு, 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையோடு வந்தான். கோட்டை விழுந்தது. புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மனை, அக்டோபர் 16-ல் கயத்தாறில் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். மற்ற பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து வேடிக்கை பார்க்க வைத்தார்கள். பார்த்துப் பயப்படட்டும் என்றுதான்!

தம்பிகள் ஊமைத்துரையையும் செவத்தையாவையும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். கதை முடிந்தது என்று கம்பெனி நினைத்தது.

ஒரு வருடம் மூன்று மாதம் போனது. சிறையில் அம்மை நோய் பரவியது. கைதிகளின் காலில் இருந்த விலங்குகளைக் கழற்றினார்கள். 1801 பிப்ரவரி 2. அன்று இரவு ஊரில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகளில் வெல்ஷும் ஒருவர். அந்த நேரம் பார்த்துச் சிறைக்குள் இருந்தவர்களும் வெளியில் இருந்து வந்தவர்களும் சேர்ந்து காவலர்களை மடக்கினார்கள். விறகு விற்கிறவர்கள் போல வேஷம் போட்டு வீரர்கள் உள்ளே வந்தார்கள் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு.

வெளியே வந்தவர்கள் எங்கும் ஒளியவில்லை. இருட்டோடு இருட்டாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நடந்தும் ஓடியும் நேரே சொந்த ஊருக்குப் போனார்கள். ஊர் என்றால் என்ன, இடிந்த மண் மேடுதான்!

அடுத்து நடந்ததைத்தான் ஆங்கிலேயர்களால் நம்பவே முடியவில்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 9-ம் தேதி மெக்காலேயின் படை அங்கே போய் நின்றபோது, தரைமட்டமாகக் கிடந்த இடத்தில் ஒரு கோட்டை எழுந்து நின்றது. சுவர்மேல் நூற்றுக்கணக்கான வீரர்கள். இரவு பகல் பார்க்காமல் ஆணும் பெண்ணும் மண் குழைத்துக் கட்டிய கோட்டை அது. சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், முழுக்க முழுக்க மண். சுற்றிலும் முள்வேலி. கையில் பெரிய பீரங்கி இல்லாமல் வந்திருந்த மெக்காலே, அன்றே தாக்கத் துணியாமல் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டான்.

மண் கோட்டைதானே என்று நினைக்காதீர்கள். கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் பிளந்து சிதறும். குழைத்துக் கட்டிய மண் சுவரில் பட்டால் குண்டு உள்ளே புதைந்து போகும். சுவர் அப்படியே நிற்கும்.

அந்த மாதமே ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடிக் கோட்டையையும் பிடித்தார்கள். அங்கே சிறைப்பட்ட துறைமுக அதிகாரியைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மனைவி பின்னாலேயே வந்து மன்றாடினார். கணவரை விட்டுவிட்டார்கள், பறித்த பொருளையும் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணனைத் தூக்கிலிட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று அவர்கள் அந்த அதிகாரியைப் பழிவாங்கவில்லை.

மார்ச் 31. இந்த முறை கம்பெனி பீரங்கிகளோடு வந்தது. சுவரில் ஓர் இடத்தை உடைத்து, அந்த வழியாகச் சிப்பாய்கள் ஏறினார்கள். உச்சிக்கு ஏறியவர்கள் ஏறிய வேகத்திலேயே விழுந்தார்கள். துப்பாக்கியால் அல்ல. உள்ளே மறைவில் நின்றவர்களின் கையில் 15 அடிக்கும் மேல் நீளமான ஈட்டிகள் இருந்தன. துப்பாக்கியை ஒருமுறை சுட்டால், மறுபடி மருந்து கெட்டித்துக் குண்டு போட நேரம் ஆகும். ஈட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. குத்தி இழுத்து மறுபடி குத்த ஒரு மூச்சு நேரம் போதும். சின்ன வயதில் கம்பில் பழகிய காலடி அன்று அந்தக் கோட்டைச் சுவரைக் காத்தது. உலகத்தின் பெரிய படைகளில் ஒன்று, ஒரு மண் சுவருக்கு முன்னால் தோற்றுத் திரும்பியது.

இரண்டு மாதம் கம்பெனிப் படை கோட்டைக்கு எதிரிலேயே கூடாரம் போட்டுக்கொண்டு, கூடுதல் படைக்காகக் காத்துக் கிடந்தது. அந்த நாட்களில் ஊமைத்துரை தன் ஆட்களுக்கு எப்படிக் கட்டளை கொடுத்தார் தெரியுமா?

வைக்கோலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிள்ளி எடுத்துக்கொள்வார். இடது உள்ளங்கையில் அவற்றை வரிசையாக அடுக்குவார். அதுதான் வெள்ளைக்காரனின் படை. எப்போது, எந்த நேரத்தில் என்பதைச் சைகையால் காட்டுவார். பிறகு வலது கையால் அந்தத் துண்டுகளை ஒரே வீச்சில் வழித்துத் தள்ளுவார். வாயிலிருந்து விர்ரென்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், தாக்குதல் தொடங்கிவிடும்! கூட்டம் போட்டு, விளக்கம் கேட்டு, எதிர்வாதம் பேச அங்கே இடமே இல்லை. அவர் கண் அசைவு ஒன்று போதும், அதை நிறைவேற்ற ஆட்கள் பறந்தார்கள். திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் பின்னால் நின்றதும் இல்லை. பெரும்பாலும் முதல் ஆளாகப் போனவரே அவர்தான்.

இவ்வளவும் செய்தவர் பெரிய பயில்வான் என்று நினைத்துவிடாதீர்கள். உயரமான, மெலிந்த, பார்த்தால் நோயாளி போல் தெரிகிற இளைஞர். வேறொருவருக்குத் தடையாக இருந்திருக்கும் குறை, இவருக்குப் பலமாக மாறிவிட்டது என்று வெல்ஷே வியந்து எழுதியிருக்கிறார். எதிரியின் கையால் இப்படி எழுத்து வாங்குவது சின்ன விஷயம் இல்லை.

மே மாதம் கர்னல் அக்னியூ புதுப் படையோடும் பெரிய பீரங்கிகளோடும் வந்து சேர்ந்தான். 23-ம் தேதி குண்டு மழை தொடங்கியது. மறுநாள், மே 24, கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் கூட்டமாக வெளியேறி வெட்டவெளியில் சண்டையிட்டபடி போனார்கள். கரிசல் காட்டில் மறைய ஒரு மரம்கூட இல்லையே! குதிரைப் படை துரத்தித் துரத்தி வெட்டியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஊமைத்துரையும் படுகாயத்தோடு, பிணங்களுக்கு நடுவே விழுந்து கிடந்தார்.

அன்று பொழுது சாய்ந்த பிறகு பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைத் தேடிப் போர்க்களத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்தாள். உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அவள் அவனைத் தூக்கப் போனாள். அவனோ, தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொன்னான். சாமி என்று அவன் காட்டியது ஊமைத்துரையை.

எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஆனால் அவள் அப்படியே செய்தாள். மற்றப் பெண்களும் சேர்ந்து ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு தங்கள் ஊருக்குப் போனார்கள். அதற்குள் கம்பெனிக்குத் துணையாக நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஓடவும் முடியாது, ஒளிக்கவும் இடம் இல்லை. பெண்கள் சட்டென்று அவர்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். சுற்றி உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், அம்மை போட்டிருந்த பையன் இப்போதுதான் செத்தான் என்று சொன்னார்கள். அம்மை என்ற வார்த்தையைக் கேட்டதும் வந்தவர்கள் எடுத்த ஓட்டம்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது அம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்கே வரவில்லை. வாளுக்குப் பயப்படாதவர்களும் அம்மைக்குப் பயந்த காலம். சிறையில் ஊமைத்துரையின் விலங்கைக் கழற்ற வைத்த அதே அம்மை, இரண்டாவது முறையாகவும் அவரைக் காப்பாற்றியது.

அந்தத் தாயின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் மகன் பெயரையும்தான்.

காயம் ஆறுவதற்குள் ஊமைத்துரை கமுதி வழியாகச் சிவகங்கைச் சீமைக்குப் போய்ச் சேர்ந்தார். மருது சகோதரர்கள் சிறுவயலில் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். ஆளை ஒப்படைக்கும்படி கம்பெனி கேட்டது. மருதுகள் மறுத்தார்கள். நம்பி வந்தவரைக் காட்டிக் கொடுப்பதைவிடத் தங்கள் சீமையையே இழப்பது மேல் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அப்படியே இழக்கவும் செய்தார்கள்.

கரிசலில் இல்லாத காடு காளையார்கோவிலில் இருந்தது. கம்பெனிப் படை ஒரு மாதம் முழுக்க மரம் வெட்டி வழி உண்டாக்கிப் பார்த்து, முடியாமல் திரும்பியது. பிறகு வேறு பக்கமாக வந்து அக்டோபர் 1-ல் காளையார்கோவிலைப் பிடித்தது. அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். வெல்ஷுக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்த ஆசான் அப்படிப் போனார். வெல்ஷ் அதை எழுதும்போது மனம் கலங்கித்தான் எழுதியிருக்கிறார்.

ஊமைத்துரையும் செவத்தையாவும் திண்டுக்கல் பக்கம் தப்பிப் போய் அங்கேயும் போராடினார்கள். கடைசியில் வத்தலக்குண்டில் பிடிபட்டார்கள். அவர்களைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து, 1801 நவம்பர் 16 அன்று மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். சிறையிலிருந்து தப்பிய அந்த இரவிலிருந்து கணக்குப் போட்டால், ஒன்பதரை மாதம்தான்.

டிசம்பர் மாதம் கவர்னர் கிளைவ், இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டான். இந்தியாவைப் பிடித்த ராபர்ட் கிளைவின் மகன் இவன். வாளும் ஈட்டியும் வளரியும் வீடு வீடாக வெளியே போயின. நான் முன்பு சொன்னேன் அல்லவா, நம் ஆசான்கள் படம் போட்டு வைக்கவில்லை என்று? வளரி வீச்சு ஏறக்குறைய மறைந்தே போனது. சிலம்பம் மட்டும் திருவிழா ஆட்டமாக, பொங்கல் விளையாட்டாகப் பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்துக் கிடந்தது. வெறும் கம்புதானே என்று அதிகாரிகள் விட்டுவிட்டார்கள் போலும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பத்துக்கும் இடம் கிடைத்தது.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடியும் இடித்தார்கள். இந்த முறை அதோடு விடவில்லை. கோட்டை நின்ற இடத்தை ஏர் பூட்டி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். ஊரின் பெயரையே அரசாங்கக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். கரிசல் காட்டுச் சனங்கள் அந்தப் பெயரைக் கும்மிப் பாட்டிலும் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் வைத்துக்கொண்டார்கள். கோவில்பட்டிப் பக்கத்துத் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் இன்றும் யாராவது ஒருவர் பாடிக் காட்டுவார்.

1974-ல் தமிழக அரசு அங்கே ஒரு நினைவுக் கோட்டையைக் கட்டியது. பரீட்சை லீவில் போனால் பார்க்கலாம். பழைய கோட்டையின் அடித்தளம் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, அந்தச் சண்டைகளில் இறந்த ஆங்கிலேயர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் அதே வெட்டவெளி, அதே காற்று. அந்தத் தாய் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் இந்த வெட்டவெளியில்தான்.